ஐந்தரைக் கட்டை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போன் செய்யாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நம் நாடகக் கொட்டகையின் டிக்கெட் அறையில் இருக்கும் அந்த ஒரே போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் மேனேஜர் இரண்டு வார்த்தை கேட்பார், அண்ணன் காதுக்கு அது நான்கு வார்த்தையாகப் போய்ச் சேரும். அதனால் இனிமேல் கடிதம்தான்.

தங்குவதற்கு மூன்றாவது மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். டிவி தொடரின் படப்பிடிப்பு ஒரு பழைய கிடங்கில் நடக்கிறது. அதற்குள் மூன்று சுவர் மட்டும் வைத்து ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், நான்காவது சுவரின் இடத்தில் கேமரா. எனக்கு வீட்டுக்காரம்மா வேடம். மாடியில் குடியிருக்கும் கதாநாயகியை, விளக்கை அணை, குழாயை மூடு என்று மிரட்டிவிட்டுப் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு காட்சி, அவ்வளவுதான்.

முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். இயக்குநர் பக்கத்தில் வந்து, "அம்மா, கடைசி வரிசைக்குக் கேக்க வேண்டாம். இந்த மைக்குக்குக் கேட்டா போதும்," என்றார். பத்தொன்பது வருடமாகக் கடைசி வரிசைக்காகவே தொண்டையைத் தீட்டி வைத்திருக்கிறவளிடம் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல்தான் நிற்க வேண்டும், ஆனால் குனிந்து பார்க்கக் கூடாது. நான் மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் மறுபடி எடுத்தார்கள்.

சேர்ந்த அன்றே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உயரம் என்ன, நீந்தத் தெரியுமா, சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், பாடுவீர்களா, எத்தனை கட்டைச் சுருதியில் என்று ஒரு கட்டம். ஐந்தரை என்று எழுதினேன். மற்றதெல்லாம் கை நடுங்கிக்கொண்டு எழுதியது. அந்த ஒன்றை மட்டும் நடுங்காமல் எழுதினேன்.

மணி அடித்த மாதிரி பாடுகிறாள் என்று நம் குழுவில் எனக்கு வெண்கலம் என்று பேர் வைத்தீர்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது. "அந்த வீட்டுக்காரம்மா வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அண்ணன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா? கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "போ, போய் மானத்த வாங்கிட்டு வா," என்றாரே. கூடப் பிறந்தவர் சொல்கிற பேச்சா அது? நீங்களாவது தடுத்திருக்கலாம். நீங்களோ கீபோர்டு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வெண்கலம்


ஜூன் 13

அன்புள்ள வெண்கலம்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜன்னலுக்கு எதிரே சுவர் இருந்தாலும் திறந்தே வை, அறையில் ஈரம் தங்கினால் உன் தொண்டைக்கு ஆகாது.

உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் போன வாரம் பழைய டிவியைத் தட்டித் தட்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "செய்தி பாக்க," என்றார். இருபது வருடமாக இந்த மனிதர் செய்தி பார்த்து நான் பார்த்ததில்லை.

உன் வேடத்தை இப்போது குழுப்பாட்டில் நின்றவர்களில் நெட்டையாக இருப்பாளே, அவள் செய்கிறாள். பாடுகிறாள். உன்னைப் போல இல்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்று. புது இடம், புது ஆட்கள். கொஞ்சம் இறக்கியே போட்டிருக்கலாமே? நான்கு என்று போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இன்னும் மாற்ற முடியும் என்றால் மாற்றிக் கொடுத்துவிடு. ஏதோ எனக்குத் தோன்றியது.

கிளம்புகிற அன்று நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். நிமிர்ந்து பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

உன் அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன், கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு காட்சியில் நான் துணி மடித்துக்கொண்டே மாடியைப் பார்த்து முறைக்க வேண்டும். கேமராவை எதற்கோ சரிசெய்துகொண்டிருந்தார்கள். சும்மா நிற்கப் பிடிக்காமல் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினேன், நமக்கெல்லாம் இருக்கிற பழக்கம்தானே. இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "அதையே பண்ணுங்க. நிறுத்தாதீங்க," என்றார். அதை அப்படியே எடுத்து, பிறகு அதற்கேற்ப மெல்லிசாக ஒரு வீணை சேர்த்து ஒளிபரப்பினார்கள். அடுத்த வாரம் நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன அண்ணி, ஒரு பை நிறைய. இவ்வளவு கடுகடுப்பான பொம்பளைக்குள் இப்படி ஒரு பாட்டா என்று. இப்போது வாரத்துக்கு ஏழு காட்சி. நான் முனகாமல் ஒரு வாரமும் முடிவதில்லை. நேற்று ரொட்டிக் கடையில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, பயந்துபோய்க் குழாயை மூடினார். கடையே சிரித்தது.

இனி கோபம். நான்கு என்று போட்டிருக்கலாமே என்று எந்த வாயால் கேட்டீர்கள்? நான்கு கட்டையில் பாடுவது குழுப்பாட்டுக்காரர்கள். நம் நாடகத்தின் ரயில் பாட்டை ஐந்தரையில் பாடித்தான் நான் நானானேன். உங்கள் கீபோர்டுதானே எனக்குச் சுருதி கொடுத்தது? கடைசி ஆட்டம் வரைக்கும் அந்த மேல் சுரத்தைப் பிடித்து நின்றேனா இல்லையா? நெட்டைக்காரிக்கு வாசித்துப் பழகியதும் என் குரல் உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

கோபத்தோடுதான் முடிக்கிறேன்.

வெண்கலம்


ஜூலை 15

அன்புள்ள வெண்கலம்,

நீ கோபித்துக்கொண்டது சரிதான். அதை விட்டுவிடு.

அந்தத் துணி மடிக்கிற காட்சியைப் பார்த்தோம். உன் அண்ணன் "செய்தி" பார்க்க வந்து உட்கார்ந்தவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "துணியச் சரியா மடிக்கல," என்றார்.

முனகலாகவே வைத்துக்கொள். அது உனக்கு நன்றாக இருக்கிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரிதாகப் பாடச் சொன்னால் என்னிடம் முன்கூட்டியே சொல்வாயா?

உன் அண்ணி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. தலைக்கனம் என்று அண்ணன் சொல்லியிருப்பார். நேரமில்லை என்பதுதான் நிஜம். கதாநாயகியின் படத்துக்குப் பக்கத்தில் இப்போது என் படமும் சுவரொட்டியில் இருக்கிறது. என்னைக் கேட்காமல் இரண்டு பருக்களை எடுத்துவிட்டார்கள்.

பெரிதாகப் பாடச் சொன்னால் சொல் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். நூறாவது பகுதியை நவம்பர் ஆறாம் தேதி ஒரு பெரிய அரங்கத்தில் ஆட்களை உட்காரவைத்து நேரடியாக ஒளிபரப்பப் போகிறார்கள். வீட்டுக்காரம்மா ஒரு காலத்தில் மேடைப் பாடகி என்று கதையைத் திருப்பியிருக்கிறார்கள். முடிவில் நான் பாட வேண்டும். நம் ரயில் பாட்டுதான். நாற்பது வாத்தியம். இசையமைப்பாளர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகச் சுரம் எழுதிவிட்டார். என் படிவத்தை எடுத்துப் பார்த்து ஐந்தரையில் எழுதியிருக்கிறார். "மேடையை அதிரவைத்த அதே குரல்" என்று விளம்பரம் வேறு போகிறது. அடுத்த வருடம் என்னை வைத்தே ஒரு பாட்டுத் தொடர் எடுப்பதாகப் பேச்சு. ஆறாம் தேதி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்தாம்.

ஆசைப்பட்டதெல்லாம் வந்துவிட்டது, சாப்பாடு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இத்தனை வருடத்தில் பாடப் போகும்போது எனக்கு இப்படி இருந்ததே இல்லை. ஏன் என்று யோசித்தேன். அங்கே எப்போது கீழே பார்த்தாலும் மேடைக்கு முன்னால் வாத்தியக் குழியில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் வகிடு தெரியும். அது தெரிந்தால் எனக்குத் தைரியம். இங்கே குழியில் வாத்தியக்காரர்களுக்குக் கைகாட்டுகிறவரின் வழுக்கைத் தலைதான் தெரியும்.

நீங்கள் வர முடியுமா? வாசிக்க வேண்டாம், சும்மா முன்னால் உட்கார்ந்தால் போதும்.

வெண்கலம்


செப்டம்பர் 19

அன்புள்ள வெண்கலம்,

இதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

இதற்கு முன் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்தால் ஐந்தாவதும் கிழிந்துவிடும். நேராகவே சொல்கிறேன். நீ ரயில் பாட்டை ஐந்தரையில் பாடி இரண்டு வருடம் ஆகிறது. கடைசி ஆட்டத்தில் நீ பாடியது நான்கு.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் ஆறு மாதம் வாயைத் திறக்காதே என்றாரே, நீ ஆறு நாளில் ஒத்திகைக்கு வந்து நின்றாய். அன்று மத்தியானம் மேல் சுரத்துக்குப் போகும்போது உன் குரல் கிழிந்தது. நீ உடுப்புப் பெட்டிகள் இருக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் பின்னால் வந்தேன். "இது போச்சுன்னா எனக்கு என்ன அண்ணி மிச்சம்?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் மறக்கவில்லை.

மறுநாள் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்கினேன். அரைக் கட்டை இறங்கியது. என் விரல்கள் அதே இடத்தில்தான் ஓடின, சத்தம் மட்டும் கீழே வந்தது. நீ பாடினாய். மேலே போனாய், நின்றாய். முடிந்ததும் குழிக்குள் இறங்கி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "குரல் திரும்பி வந்துடுச்சு அண்ணி," என்றாய். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் இன்னொரு அரை. ஒரே வாரத்தில் எட்டு ஆட்டம் போட்டோமே, அப்போது இன்னொரு அரை. கீபோர்டில் எண் தெரிகிற சின்னக் கண்ணாடிமேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன், நீ குனிந்து பார்த்துவிடக் கூடாதே என்று. குழியில் மற்ற மூவருக்கும் தெரியும். வயலின்காரர் கம்பியை இறக்கிக் கட்டினார். புல்லாங்குழல்காரர் நீளமாக ஒன்று வாங்கினார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் அவர்களிடம் சத்தியம் வாங்கினேன். உன் அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை.

டிவியில் இதுவரை நீ முனகிய பிறகுதான் வாத்தியம் சேர்த்தார்கள். அதனால் தப்பித்தாய். நாற்பது வாத்தியமும் ஐந்தரையில் தொடங்கினால் உனக்காக இறங்கிவர அங்கே யாரும் இல்லை. படிவத்தில் நான்கு என்று போடச் சொன்னது இதற்குத்தான். அன்றைக்கே முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

ஏழு வாரம் இருக்கிறது. இசையமைப்பாளரிடம் சொல்லிவிடு. மாற்றி எழுதினால் போதும்.

என்னைத் திட்டு. ஆனால் பாட்டை மாற்று.

உன் அண்ணி


அக்டோபர் 3

வெண்கலம்,

இரண்டு வாரமாகத் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நிற்கிறேன். அவர் தூரத்தில் வரும்போதே கையை விரித்துக் காட்டுகிறார். திட்டியாவது ஒரு வரி போடு. தொண்டையை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறாயோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஆட்டத்தில் வேறு பாட்டை வாசித்துவிட்டேன்.

அண்ணி


அக்டோபர் 9

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

திட்டி ஒரு வரி கேட்டிருந்தீர்கள்.

இரண்டு வருடம் அந்தக் கைதட்டல் யாருக்கு வந்தது? எனக்கா, உங்கள் விரலுக்கா? நான் மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டு, பிடித்துவிட்டேன், பிடித்துவிட்டேன் என்று பூரித்துப் போனபோது குழியில் நால்வரும் என்ன செய்தீர்கள்? பாவம் என்று பார்த்தீர்களா? சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபம்தான் எனக்குத் தாங்கவில்லை.

குரல் போய்விட்டது என்று அன்றே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு மாதம் அழுதிருப்பேன், இரண்டு மாதம் அழுதிருப்பேன். பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பேன். நீங்கள் பார்க்கவே விடவில்லை. என் குரல் எது என்று எனக்கே தெரியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

யாரிடமும் எதையும் மாற்றச் சொல்லப் போவதில்லை. ஆறாம் தேதி ஐந்தரையிலேயே பாடுவேன். வந்தால் வரட்டும், கிழிந்தால் கிழியட்டும். அதுவாவது என்னுடையதாக இருக்கும்.

நீங்கள் வர வேண்டாம்.


அக்டோபர் 14

வெண்கலம்,

கீழே பேர்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். சரி.

நீ எழுதியதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். பரிதாபப்படவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பயந்தேன். நீ அந்தப் பெட்டி அறைக்கு மறுபடியும் போய் உட்கார்ந்துவிடுவாயோ என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பயந்தேன். நீ கண்ணை மூடி நின்ற அந்த நேரமெல்லாம் நான் மூச்சு விடவில்லை.

ஆனால் இந்த வீம்பு வேண்டாம். அந்த ஒத்திகைக்குப் பிறகு நான் தனியாக டாக்டரிடம் போய்க் கேட்டேன். இன்னொரு தடவை அப்படிக் கிழிந்தால் முனகல்கூட மிஞ்சாது என்றார். என்மேல் இருக்கும் கோபத்தை உன் தொண்டைமேல் காட்டாதே.

நேற்று உங்கள் இசையமைப்பாளருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் சொல்லி, நான்கு கட்டைக்கு மாற்றிவிடுங்கள், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று. தபால்பெட்டி வரை போய்விட்டேன். கடிதத்தைப் பாதி உள்ளே விட்டுவிட்டேன். "அவளிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதினேனே, அது அப்போதுதான் என் மூளையில் ஏறியது. நான் மறுபடியும் அதே பொத்தானைத்தான் அமுக்கப் போயிருக்கிறேன். பின்னால் ஒருவர் தபால் போடக் காத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தாரோ, கடிதத்தை வெளியே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

ஆறாம் தேதி நான் வரவில்லை.

அண்ணி


அக்டோபர் 27

அண்ணிக்கு,

நீங்கள் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கோபத்தில் அல்ல. நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லியிருந்தீர்கள், அதனால்.

நடந்ததைச் சொல்கிறேன். கிடங்கின் பின்பக்கம் பழைய நாற்காலி, கட்டில், கதவு எல்லாம் போட்டு வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு பியானோ. யாரும் தொடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள், சாப்பாட்டு இடைவேளையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்தரைக்கு உரிய கட்டையை எண்ணி எண்ணிக் கண்டுபிடித்தேன். அதைத் தட்டிவிட்டு ரயில் பாட்டின் கடைசி நாலு வரியைப் பாடினேன். மேலே போகுமுன்பே தெரிந்துவிட்டது. தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. நல்லவேளை, அதை அந்தப் பழைய கட்டில்கள் மட்டும்தான் கேட்டன.

அழுதேன், பிறகு சிரிப்பு வந்தது. ஜூன் மாதம் உங்களுக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா, அந்தக் கட்டத்தில் மட்டும் கை நடுங்கவில்லை என்று? பொய். அங்கேதான் அதிகம் நடுங்கியது. புல்லாங்குழல்காரரின் நீளக் குழலை நான் பார்த்தேன் அண்ணி. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். பழையது விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அப்போது கீபோர்டில் இருந்த டேப்பையும் பார்த்தேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. ஆக, பொத்தான் உங்களுடையது, கண்ணை மூடிக்கொண்டது நான்தான். உங்களை மட்டும் திட்டியது பாதிதான் நியாயம். அந்தப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் நான்கு. நான்கு சுலபமாக வந்தது, ரொம்பச் சுலபமாக. அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று தோன்றியது. ஒரு வாரம், தினமும் இடைவேளையில், ஒரு தட்டு தட்டி ஒரு தடவை பாடினேன். ஐந்து மாதமாகக் கத்தாமல் இந்த மைக்குக்குள் முனகிக்கொண்டிருந்ததில் தொண்டைக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது போல. டாக்டர் சொன்ன ஆறு மாதத்தைக் கிட்டத்தட்ட இப்போதுதான் கொடுத்திருக்கிறேன்.

நாலரை. நீங்கள் வைத்த நான்கும் இல்லை, நான் எழுதிய ஐந்தரையும் இல்லை. மேலே போய் நிற்கும்போது கொஞ்சம் ஆடுகிறது. ஆனாலும் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நாற்பது பேரும் உட்கார்ந்திருக்கும்போது இசையமைப்பாளரிடம் போய், "என் கட்டை நாலரை. படிவத்துல தப்பா எழுதிட்டேன்," என்றேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் அதையும் யாராவது டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள் என்று பயம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத ஜூன்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரத்தை மறுபடி படியெடுக்க வேண்டிய நால்வரும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். தயாரிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, குரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வயது ஆயிற்று என்றேன். சுவரொட்டியில் இருந்து "அதே குரல்" என்பதை எடுத்துவிட்டார்கள். பாட்டுத் தொடர் பற்றிக் கேட்டால், "பாக்கலாம்" என்கிறார்கள். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

இன்னும் பத்து நாள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறது. சாப்பாடு இறங்குகிறது.

நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியதை மாற்றவில்லை. இந்த ஒரு தடவை உங்கள் வகிட்டைப் பார்க்காமல் பாடிப் பார்க்க வேண்டும். டிவியில் பாருங்கள்.

டிசம்பரில் பத்து நாள் விடுமுறை. அங்கே இடம் இருக்குமா?

வெண்கலம்


நவம்பர் 7

அன்புள்ள வெண்கலம்,

டிவியை மேடையில் ஒரு மேசைமேல் வைத்தோம். குழு மொத்தமும் முன் வரிசையில். உன் அண்ணன் மட்டும் கடைசி வரிசையில் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் பழக்க தோஷத்தில் குழிக்குள் இறங்கி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அண்ணாந்துதான் உன்னைப் பார்க்க முடிந்தது, எப்போதும் போல.

வாத்தியம் தொடங்கியதும் என் இடது கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. கீபோர்டுக்கு மின்சாரமே கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. வலது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடியும் வரை விடவில்லை.

முதலில் நீ ரொம்ப மெதுவாகப் பாடினாய். முன்னால் இருந்தவர்கள் நெளிந்தார்கள். அப்புறம் கேமரா உன் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. பத்தொன்பது வருடம் அந்தப் பாட்டுக்கு வாசித்திருக்கிறேன், அதைப் பாடும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நேற்றுதான் பார்த்தேன். குழியில் இருந்து உன் தாடைதான் தெரியும்.

கடைசி ஏற்றத்தில் ஓர் இடத்தில் குரல் கீறியது. எல்லாருக்கும் கேட்டது. நெட்டைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நீ நின்றாய். அந்த வழுக்கைத் தலையர் கையைத் தூக்கியபடி உனக்காகக் காத்திருந்தார். நீ மூச்சை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாய், பிடித்தாய். முன்பெல்லாம் பாட்டின் முடிவில் வரும் ரயில் விசில் முடியும் வரை பிடிப்பாய். நேற்று விசில்தான் உன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றது. உன் கண் திறந்தே இருந்தது. அதைக் கவனித்தேன்.

இங்கே நெட்டைக்காரி எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் பின்னாலிருந்து உன் அண்ணன் குரல் வந்தது.

"நாலரையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். "எனக்கும் காது இருக்கு," என்றார். இரண்டு வருடமாக அவருக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாமல் நீயும், உனக்குத் தெரியாமல் நானும், இருவருக்கும் தெரியாமல் அவரும் என்று ஒரே கொட்டகையில் இப்படிக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். டிவிக்குப் போனால் அங்கே யார் உனக்குப் பொத்தானை அமுக்குவார்கள் என்ற பயத்தில்தான் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாராம். சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். அதை உனக்கு எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் கடிதம் எழுத உட்காரும்போது பேனாவை எடுத்துக் கொடுத்தார். பிறகு, "எழுதுற பழக்கம் விட்டுப் போச்சு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பாட்டுத் தொடர் பற்றி ஏதாவது சொன்னார்களா? சொல்லாவிட்டாலும் எழுது.

இன்று காலை கீபோர்டில் இருந்த டேப்பைப் பிரித்தேன். இரண்டு வருடப் பசை, சுலபத்தில் போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது, ஆனால் எண் நன்றாகத் தெரிகிறது. மேடையில் நின்று குனிந்தால் உனக்கும் தெரியும்.

டிசம்பரில் இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். இது என்ன கேள்வி? இருபதாம் தேதி ஆட்டத்துக்கு உன் அண்ணன் நோட்டீஸில் உன் பேரைப் போடச் சொல்லிவிட்டார், நெட்டைக்காரியிடமும் கேட்டுவிட்டோம். ஆட்டம் தொடங்குமுன் நீ மேலேயிருந்து எண்ணைச் சொல். அன்றைக்கு எதுவாக இருந்தாலும் சரி. நீ சொன்ன பிறகுதான் நான் விரலை வைப்பேன்.

உன் அண்ணி